தங்கியிருப்போர்

என் கணவர் இறந்து ஏழாவது மாதம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தால் உள்ளே புதிய உறுப்பினர் அட்டை. 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் என் மகனின் பெயர். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கழற்றிப் போட்ட காலுறையின் ஜோடியைத் தேடுவதற்கே என்னைக் கூப்பிடுகிறவன். அவன் பெயருக்குக் கீழே 'தங்கியிருப்போர்', அதாவது அவரை நம்பி வாழ்பவர்கள், என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அது என்னுடையது.

சங்கம் என்று நான் சொல்வது, பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் சனத்தில் யாராவது இறந்தால் ஓடிவருகிற சங்கம். மாநகரசபைக் கடதாசிகள், தகனத்துக்கு நாள் எடுப்பது, ஐயரைப் பிடிப்பது, மண்டபம் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் கணவருக்கு அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. தகனம் வரையான ஐந்து நாளும் என்னை ஒரு படிவத்தைத் தொடவிடவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவள். அப்படிப்பட்டவர்கள் அனுப்பிய அட்டை என்பதால்தான் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது.

மகனிடம் காட்டினேன். அவன் வாசித்துவிட்டு, வழக்கம்போலப் பிரெஞ்சில், "அம்மா, அப்ப நான் உங்களுக்குப் பொக்கெற் மணி தரவேணுமா?" என்று கேட்டான். சிரிக்கவேண்டிய பகிடிதான். நான் சிரிக்கவில்லை.

எனக்கு அந்தச் சொல்லோடு பழைய பழக்கம் உண்டு. பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா ஷாப்பலில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிறப்பு, திருமணம், இறப்பு, மூன்றும் தமிழில் வந்து பிரெஞ்சில் போகும். 'தங்கியிருப்போர்' என்று வருகிற இடத்தில் நாங்கள் 'பெர்சோன் ஆ ஷார்ஜ்' என்று போடுவோம். ஷார்ஜ் என்றால் பிரெஞ்சில் பாரம், சுமை. எத்தனையோ பெண்களை நானே என் கையால் அந்தக் கட்டத்துக்குள் இறக்கியிருக்கிறேன், யோசிக்காமல், தேத்தண்ணி குடித்துக்கொண்டே. என் பெயரை அதற்குள் பார்த்தபோதுதான் அது எவ்வளவு சிறிய கட்டம் என்று தெரிந்தது. எனக்கு என் பெயரில் ஒரு அட்டை வேண்டும். அட்டை இருந்தால்தான் சங்கத்தில் வாக்கு. அவ்வளவுதான் நான் கேட்டது, வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் சங்கத்தில் எதற்கும் லேசில் 'ஓம்' சொல்லாத ஒருவர் இருந்தார். வருடாந்தக் கூட்டத்தில் தலைவர் சென்ற வருட அறிக்கையை வாசித்து முடித்து, "திருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்பார். அது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி. மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து "இருக்கு" என்று குரல் வரும். சனம் பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாயும். "எதிர்க்கட்சி தொடங்கிற்றுது" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவர் இல்லாத இடத்தில் நானும் எதிர்க்கட்சி அண்ணை என்றுதான் சொல்வேன். முகத்துக்கு நேரே அண்ணை.

அவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி. மற்றவர்கள் அந்த நேரத்தில் எங்கேயாவது சாய்ந்து கண்ணயர்வார்கள். இவர் லா ஷாப்பலுக்கு வந்து ஒரு தேநீர்க் கடையின் மூலையில் புத்தகம் வாசிப்பார். அவர் வீடு கார்ஜில், என் வீடு பியர்ஃபித்தில், இரண்டும் ஒரே ரயில் பாதை. எனக்கு ஒரு நிலையம் முந்தி. அவருக்கு லீவுள்ள நாட்களில் மாலையில் ஒரே பெட்டியில் போவோம்.

அப்படி ஒரு மாலை, ரயிலுக்குள் அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மகனுக்கு எத்தினை வயசு?"

"பத்தொன்பது."

மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணை சிரிப்பு? நான் அழுகிறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியாமல் நிக்கிறன்."

"கோவிக்காதேங்கோ தங்கச்சி. என்ரை ஆளுக்கும் பத்தொன்பதிலைதான் இடம் குடுத்தவை. அதுதான் சிரிச்சனான்."

அவருடைய ஆள், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இருந்த ஒரு எதிர்க்கட்சிக்காரர். வேலைக்குப் போகும் தெருவில் யாரோ வீடு காலி செய்து வைத்த பெட்டிக்குள் அண்ணைக்கு ஒரு மொத்தமான ஆங்கிலப் புத்தகம் கிடைத்திருந்தது. மேலட்டை இல்லை. அந்த மனிதரின் வாழ்க்கை வரலாறு அது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக வாசித்து, ஓரமெல்லாம் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார். சில பக்கங்களில் எண்ணெய்க் கறையும் உண்டு.

பிறகு வந்த மாதங்களில் கார் து நோர்து நிலையத்துக்கும் பியர்ஃபித்துக்கும் இடையில் அந்த மனிதரின் கதை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது. பணக்காரத் தகப்பன், மகனுக்குச் சட்டப்படியான வயது வருமுன்பே பாராளுமன்றத்தில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். சில தொகுதிகளில் வாக்காளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். பெடியன் சூதாடி, குடி வேறு, உடுப்பிலும் கவனம் இல்லை. கேட்ட அளவில் எனக்கு ஆளைப் பிடிக்கவே இல்லை.

"இந்தத் தறுதலையையோ இவ்வளவு நாளா வாசிக்கிறியள்?"

"பொறுங்கோ. ஆள் வளருது."

உண்மையில் ஆள் வளர்ந்தார். அமெரிக்கக் குடியேற்றங்களோடு அரசன் போர் செய்தபோது, அது அநியாயம் என்று எழுந்து நின்றார். இந்தியாவைத் தன்பாட்டில் ஆண்டுகொண்டிருந்த கம்பனியைப் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார். அரசன் சட்டத்தையும் கவிழ்த்தான், அவரையும் கவிழ்த்தான். ஒருவர் எழுதியது அவதூறா இல்லையா என்பதை நீதிபதி அல்ல, சாதாரண ஜூரிகள் முடிவு செய்யவேண்டும் என்ற சட்டத்தை எதிரணி வரிசையில் இருந்தபடியே நிறைவேற்றிக் காட்டினார். பிரெஞ்சுப் புரட்சியை அவர் ஆதரித்ததால் உயிர் நண்பர் ஒருவர் சபையிலேயே உறவை முறித்தார். இவர் எழுந்து பேசமுடியாமல் எல்லோர் முன்னாலும் அழுதார். அதைச் சொல்லும்போது அண்ணை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கிட்டத்தட்ட நாப்பது வருசம் சபையிலை இருந்தவர், தங்கச்சி. அமைச்சரா இருந்தது எல்லாத்தையும் கூட்டினாலும் ரண்டு வருசம் வராது. மிச்சம் முழுக்கத் தோல்வி. எழும்புவார், கதைப்பார், தோப்பார். அடுத்த வருசம் திருப்பி எழும்புவார்."

"அலுக்கேல்லையோ அவருக்கு?"

"எனக்கு அலுக்குதோ?" என்றார், என்னவோ அவரும் அந்தச் சபையில் இருந்த ஆள்போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் போனபிறகு ரயிலில் நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அண்ணை எனக்காக ஒரு திருத்தப் பிரேரணை எழுதினார். இனிமேல் பதினெட்டு வயதான ஆண் பெண் எல்லோருக்கும் தனித்தனி அட்டை, தனித்தனி வாக்கு. எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுக்காமல் ஒரு கிழமை தாமதித்தார். ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அங்கே அவருடைய ஆள், வாக்குரிமையை விரிவாக்கவேண்டும் என்று பேசுகிறார். நல்ல பேச்சு. ஆனால் நடுவிலே பெண்கள் வருகிறார்கள். படித்த பெண்களுக்கு வாக்களிக்கும் தகுதி உண்டுதான், ஆனாலும் அவர்கள் ஆண்களைச் சார்ந்திருப்பவர்கள், அதனால் அப்படி ஒரு எண்ணமே யாருக்கும் வரவில்லை என்கிற கருத்து. 'சார்ந்திருப்பவர்கள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே, ஓரத்தில், அண்ணை பென்சிலால் எழுதியிருந்தார்: தங்கியிருப்போர்.

"உவருக்கு வாக்குக் கேட்டுப் பொம்பிளையளும் தெருத்தெருவா அலைஞ்சவை எண்டு நீங்கள்தானே சொன்னியள்? கேக்க மட்டும் வேணும், போடக் கூடாதோ?"

"அதிலை அவர் பிழை" என்றார் அண்ணை. "எனக்கும் அதை வாசிச்ச அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்லை. உங்களுக்குக் காட்டாமல் விடுவம் எண்டும் நினைச்சனான். ஆனால் மறைச்சுப்போட்டு அவரைப் புகழக் கூடாது, பாருங்கோ."

அந்த ஒரு சொல்லுக்காகவே அண்ணையை எனக்குப் பிடித்தது. தன் ஆளின் குறையைத் தன் கையாலேயே கொண்டுவந்து காட்டுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாநகரசபையிடம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில். வாக்குள்ள ஆண்கள் உள்ளே கதிரைகளில். வாக்கில்லாத பெண்களில் பாதிப்பேர் பின்வரிசையில், மற்றவர்கள் வெளியே நடைகூடத்தில் தேநீர் மேசையில். அன்று மேசைக்குப் பொறுப்பு நான். பிரெஞ்சுச் சட்டம் இந்த ஏற்பாட்டைக் கண்டால் தலையில் கைவைக்கும். ஆனால் எங்களில் யாரும் இதற்கெல்லாம் சட்டத்திடம் போகிற ஆட்கள் அல்ல.

அண்ணை பிரேரணையை வாசித்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். கை உயர்த்தி வாக்கெடுக்க வேண்டாம்.

"கையைத் தூக்க முதல் எல்லாரும் தலைவற்றை கையைப் பாக்கினம். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சபையிலை செய்தமாதிரிச் செய்வம். ஒரு பகுதி எழும்பி வெளியிலை போகும், மற்றப் பகுதி உள்ளுக்கை இருக்கும். எழும்பி நடக்கிறவன் கொஞ்சம் யோசிச்சு நடப்பான்."

தலைவர் லா ஷாப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், கெட்டிக்காரர். யோசித்துப் பார்த்தார். மாரிகாலக் குளிர். ஆட்கள் கோட்டும் கழற்றாமல் கதிரைக்குள் புதைந்து கிடக்கிறார்கள். எவன் எழும்பப் போகிறான்? உடனே சம்மதித்துவிட்டார். அந்தக் காலத்துச் சபையிலும் இதே கணக்குத்தானாம். மாற்றம் கேட்கிறவர்கள்தான் பெரும்பாலும் வெளியே போகவேண்டும். இருப்பவனுக்கு இருந்த இடம் பத்திரம்.

"மாற்றம் வேணுமெண்டவை வெளியிலை போங்கோ. வேண்டாமெண்டவை உள்ளுக்கை தங்கியிருங்கோ" என்று தலைவர் ஒலிவாங்கியில் சொன்னது எனக்கு நடைகூடத்தில் கேட்டது. தங்கியிருங்கோ! ஆத்திரத்தில் கையில் இருந்த கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

அதே நேரத்தில்தான் றோல்ஸ் வந்து இறங்கியது. ஆட்டிறைச்சி றோல்ஸ், பொரித்த சூடு ஆறாமல், இரண்டு பெரிய பெட்டி. கூட்டம் முடிந்தபிறகு கொடுக்கவேண்டியது. அரை மணி நேரம் முந்தி வந்துவிட்டது. மூடியை அப்படியே விட்டிருக்கலாம். வாக்கெடுப்பு நடக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மூடியைத் திறந்தேன். இரண்டு பெட்டியையும்.

வாசனை மண்டபத்துக்குள் போனது. சனம் வெளியே வந்தது. முதலில் ஐந்தாறு பேர், பிறகு வரிசையாக, பிறகு தள்ளுப்பட்டு. தலைவரின் சொந்த மைத்துனர் இரண்டு றோல்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். எண்ணினார்கள். வெளியே ஐம்பத்தாறு. உள்ளே முப்பத்தொன்று. வென்றுவிட்டோம்.

அண்ணை நடைகூடத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்வை மைத்துனரின் கையில் இருந்த றோல்ஸில் நின்றது. பிறகு பெட்டிகளுக்கு வந்தது. பிறகு ஒரு கணம் எனக்கு வந்தது. திரும்பி உள்ளே போனார்.

"தலைவர், இந்த எண்ணிக்கை சரியில்லை. வாக்குக்கு வந்தவை எத்தினை, தேத்தண்ணிக்கு வந்தவை எத்தினை எண்டு எனக்குத் தெரியாது. றோல்ஸ் தவறுதலா முந்தி வந்திட்டுது. மூடிப்போட்டுத் திருப்பி எண்ணுவம்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் அண்ணையைப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது. மூடியை மூடினோம். சனம் உள்ளே போய் மறுபடி எண்ணப்பட்டது. வெளியே முப்பத்தெட்டு. உள்ளே தங்கியிருந்தவர்கள் நாற்பத்தொன்பது. தோற்றோம்.

வாசலில் அண்ணையை மறித்துக் கேட்டேன். "விசரே உங்களுக்கு? கையிலை வந்ததைத் தூக்கிக் குடுத்திட்டு நிக்கிறியள்!"

"அது எங்கடை கையிலை வரேல்லை, தங்கச்சி. அவையின்ரை வாயிலைதான் போனது."

பகிடி விடுகிற நேரமா அது? அன்று ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன். மாதக்கணக்காக அவரோடு பேசவில்லை. அவர் வென்றதைத் திருப்பிக் கொடுத்தார் என்று எல்லோரிடமும் திட்டினேன். மூடியைத் திறந்தது யார் என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேல் இருந்த கோபம். அது அப்போதே எனக்குத் தெரியும்.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கோடைகாலத்தில் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, அடுத்த வருடத்துக்கான பிரேரணையை மேசையில் வைத்துவிட்டு, "இதுக்கு ஒரு பிரெஞ்சும் போட்டுத் தாங்கோ" என்றார். புதிய வடிவத்தில் 'தங்கியிருப்போர்' என்ற சொல்லே இல்லை. 'குடும்பத்தவர்' என்று மாற்றியிருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியில் இறங்கியபோது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். அப்போதாவது நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அண்ணை ஆஸ்பத்திரியில் என்று கேள்விப்பட்டேன். வயிற்றில் என்னவோ கட்டி, வெட்டியும் பலன் இல்லை என்றார்கள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வெட்கம்தான் மிஞ்சியது. போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவராகவே தொடங்கினார்.

"என்ரை ஆள் கடைசியிலை வெண்டவர், சொன்னனானோ?"

அடிமை வியாபாரத்தை நிறுத்தவேண்டும் என்று அந்த மனிதர் எத்தனையோ வருடம் மற்றவர்களோடு சேர்ந்து நின்று பேசித் தோற்றவர். உடம்பு முடியாத கடைசிக் காலத்தில் அமைச்சராகி, அந்தத் தீர்மானத்தைச் சபையில் தானே கொண்டுவந்தார். பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. சட்டமாக வருமுன்பு இறந்துபோனார்.

"நாப்பது வருசத்திலை வேறை ஒண்டும் செய்யாட்டிலும் இது ஒண்டு போதும் எண்ட மாதிரிச் சொன்னவராம். நல்ல மனுசன், என்ன?"

"நல்ல மனுசன்" என்றேன். முதல் முறையாக மனதார.

அந்த வருடக் கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் தலைவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்காமல், பிரேரணையின் பிரெஞ்சுப் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

"நான்தான் இதைக் கொண்டுவரப்போறன். அவர் இல்லாத இடத்திலை தள்ளிவிட எனக்கு மனமில்லை."

"போன வருசம் வேண்டாம் எண்டனீங்கள்தானே?"

"ஓம். ஆனால் வெண்டதைச் சரியில்லை எண்டு திருப்பித் தந்தவன் அவன் ஒருத்தன்தான். அப்பிடிப்பட்டவன் கேக்கிறதிலை கள்ளம் இராது எண்டு பிறகு யோசிச்சனான். வருசம் முழுக்க யோசிச்சனான்" என்றார்.

தலைவர் சொன்னதைச் செய்தார். "இந்தமுறை தேத்தண்ணி பிறகுதான்" என்று ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டு, பிரேரணையை வாசித்து, தானே முதல் ஆளாக எழுந்து வெளியே நடந்தார். நடைகூடத்தில் மேசை வெறுமையாக இருந்தது. சனம் அவர் பின்னால் வந்துகொண்டே இருந்தது. எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை. உள்ளே தங்கியிருந்தவர் ஒரே ஒருவர். ஆர்ஜொந்தெய்யிலிருந்து வருகிற ஒரு ஐயா, நடுவரிசையில், கைத்தடியைப் பிடித்தபடி.

ஆஸ்பத்திரிக்கு நேரே ஓடினேன். அண்ணையின் மனைவி கதவைத் திறந்தார். அண்ணை மெலிந்து பாதியாகிக் கிடந்தார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிவில் ஒரு கேள்விதான்:

"எதிர் எத்தினை?"

"ஒண்டே ஒண்டு, அண்ணை. ஆர்ஜொந்தெய் ஐயா. விடுங்கோ, பழைய காலத்து மனுசன்."

"விடக் கூடாது. அவரோடை போய்க் கதையுங்கோ. சனம் முழுக்க எழும்பிப் போகத் தனிய இருக்கிறது லேசில்லை. எனக்குத் தெரியும்."

சரி என்றேன். எட்டாம் நாள் அண்ணை இறந்துபோனார். நான் அதுவரை ஆர்ஜொந்தெய்க்குப் போகவில்லை. சங்கம் ஓடிவந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தது, என் கணவருக்குச் செய்ததுபோலவே. புதிய விதிகளைப் பதிந்துகொண்டதற்கான கடிதம் அரச அலுவலகமான பிரிபெக்சரிலிருந்து வந்தது அதற்குப் பிறகுதான். அவருடைய ஆளுக்கு நடந்ததுபோலவே இவருக்கும் நடந்தது.

செத்தவீடு முடிந்த மறு ஞாயிறு ஆர்ஜொந்தெய்க்குப் போனேன். ஐயா கதவைத் திறக்கவே நெடுநேரம் எடுத்தார். உட்கார்ந்து, ஏன் எதிர்த்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நான் எங்கை பிள்ளை எதிர்த்தனான்? எனக்கு முழங்கால் வருத்தம். எழும்ப ஏலாது. உதவிக்கு ஆரும் வருவினம் எண்டு பாத்தன், எல்லாரும் ஓடிப்போட்டினம். நான் உங்கடை பக்கம்தான்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். திரும்பி வரும்போது சென் லசார் ரயிலில், யன்னல் ஓரத்தில், சத்தமாக அழுதேன். இதைச் சொல்லவேண்டிய ஆள் இல்லை. கேட்டிருந்தால், "அப்ப திருப்பி எண்ணுவம்" என்று கட்டிலில் எழும்பியிருப்பார்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு என் பெயரில் அட்டை வந்தது. மகனுக்கும் தனியாக வந்தது. அவன் அதைக் குளிர்பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டு மறந்துபோனான். நான் என்னுடையதைக் கைப்பையில் வைத்து, மெத்ரோவிலும் ஒருதரம் எடுத்துப் பார்த்தேன். மண்டபத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தில் அண்ணையின் மனைவி இருந்தார், மடியில் அவருடைய சொந்த அட்டை. அவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.

தலைவர் சென்ற வருட அறிக்கையை வாசித்தார். எதிர்: ஒன்று. வாசித்து முடித்து, "திருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பழக்கத்தில் எங்கள் வரிசையைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கீழே போட்டுக்கொண்டார்.

"இருக்கு" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது. "ரண்டு திருத்தம் இருக்கு. ஒண்டு, எதிர் ஒண்டு எண்டது பிழை. அது ஐயாவின்ரை முழங்கால்." எல்லோரும் சிரித்தார்கள். ஐயா நடுவரிசையிலிருந்து கைத்தடியை உயர்த்திக் காட்டினார். தலைவர் சிரித்துக்கொண்டே எழுதினார். "மற்றது?"

"மற்றது முந்தின வருசத்து அறிக்கையிலை இருக்கு."

"அது ஏற்றுக்கொண்டு முடிஞ்ச அறிக்கை."

"இருக்கட்டும். றோல்ஸ் தவறுதலா முந்தி வந்தது எண்டு அதிலை எழுதியிருக்கு. முந்தி வந்தது உண்மை. ஆனால் மூடியைத் திறந்தது தவறுதலா இல்லை. நான்தான் திறந்தனான். வாக்கெடுப்பு நடக்குது எண்டு தெரிஞ்சு திறந்தனான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தலைவரின் பேனா நின்றுபோனது. உட்கார்ந்தபோது அண்ணையின் மனைவி என் பக்கம் குனிந்தார்.

"அவருக்குத் தெரியும், தங்கச்சி. அண்டைக்கே வீட்டை வந்து எனக்குச் சொன்னவர்" என்றார். "நீங்கள் எப்பவோ ஒருநாள் எழும்பிச் சொல்லுவியள், அதுக்கு முதல் ஒருத்தருக்கும் வாய் திறக்காதை எண்டும் சொன்னவர்."